நேரம் தவறியவனும் நாணயம் தவறியவனும் ஒன்றா?

பள்ளிக்கூடப் பையில் இருக்கும் சின்ன ஆங்கிலம் - தமிழ் அகராதியைப் புரட்டினால் ஒரு வேடிக்கை தெரியும். ‘அன்ரிலையபிள்’ என்ற சொல்லுக்கு ‘நம்ப முடியாத’ என்று பொருள் போட்டிருக்கும். ‘அன்டிபெண்டபிள்’ என்று தேடினாலும் அதேதான். ‘அன்ட்ரஸ்ட்வொர்த்தி’ என்றால் கொஞ்சம் மாற்றி ‘நம்பத்தகாத’ என்று இருக்கும். படிக்கிற பிள்ளை மூன்றும் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிடும்.

பரீட்சையில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எழுதினால் அரை மார்க் போகும். அலுவலகத்தில் எழுதினால் ஒருவரின் வேலையே போகலாம்.

திருவொற்றியூரில் குடியிருக்கும் ஒரு பெண்மணிக்கு இந்த வித்தியாசம் புரிந்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டில். கப்பலில் வரும் கன்டெய்னர்களைக் கொண்டுவந்து வைத்து, கஸ்டம்ஸ் சோதனை முடிந்ததும் சரக்கை உரியவரிடம் ஒப்படைக்கும் இடம் அது. அங்கே அவர் அலுவலக உதவியாளர். வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், தலைமை அலுவலகத்துக்குப் போகும் ஆங்கிலக் கடிதங்கள் எல்லாம் அவர் மேஜையில்தான். யார்டில் மற்றவர்களுக்கு ஆங்கிலம் என்றால் கொஞ்சம் தயக்கம். அதனால் தமிழில் சொல்லிவிடுவார்கள். இவர் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வார்.

ஒப்பந்த ஊழியர்களைப் புதுப்பிக்கும் மாதம் வந்தது. ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே சூப்பர்வைசரின் கருத்து வேண்டும். காசிமேட்டிலிருந்து வரும் ஒரு பையன், வயது 23, டாலி கிளார்க். கன்டெய்னரைத் திறந்ததும் உள்ளே எத்தனை பெட்டி, எத்தனை மூட்டை, சீல் எண் சரியா என்று எண்ணிக் குறிப்பது அவன் வேலை. அவன் பெயர் வந்ததும் சூப்பர்வைசர் ஒரே வரியில் முடித்தார்.

“அவன நம்ப முடியாதுன்னு போட்டுடுமா.”

விசைப்பலகை மேல் வைத்த கை அப்படியே நின்றது. எந்த ‘நம்ப முடியாது’?

கட்டுவதா, தொங்குவதா?

அந்தப் பெண்மணிக்கு ஒரு பழக்கம் உண்டு. சந்தேகம் வந்தால் சொல்லின் வேரைப் பார்ப்பார். பத்தாம் வகுப்பில் பரிசாகக் கிடைத்த தடிமனான ஆங்கில அகராதி இன்னும் வீட்டில் இருக்கிறது. அன்று இரவு சமையல் முடித்ததும் அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

‘ரிலை’ என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் ‘இறுக்கிக் கட்டுவது’. ‘டிபெண்ட்’ என்பதும் லத்தீன்தான். அதன் பொருள் ‘ஒன்றைப் பிடித்துத் தொங்குவது’. ‘ட்ரஸ்ட்’ வடக்கு ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. உறுதி, துணை என்று பொருள். உண்மை என்று பொருள்படும் ‘ட்ரூ’ அதற்கு உறவுக்காரச் சொல்.

கட்டு என்றதும் வட சென்னைக் கரையில் பிறந்தவர்களுக்குக் கட்டுமரம் நினைவுக்கு வராமல் இருக்குமா? மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் அது கட்டுமரம். ஆங்கிலேயர்கள் அந்தச் சொல்லை ‘கேட்டமரான்’ என்று தங்கள் மொழிக்கே எடுத்துக்கொண்டு போனார்கள். துறைமுகம் கட்டுவதற்கு முன்பு சென்னையில் கப்பல்கள் கரைக்கு வர முடியாது. தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தது மசூலா படகு. அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். முதல்முறை பார்க்கும் வெள்ளைக்காரருக்கு, தையல் போட்ட படகை நம்பி எப்படி ஏறுவது என்று பயமாக இருந்திருக்கும். ஆனால் கரையோர அலையில் அடிபட்டு உடைந்தது ஆணி அடித்த படகுதான். தைத்த படகு அலைக்கு வளைந்து கொடுத்துக் கரை சேர்ந்தது.

பார்வைக்கு நம்ப முடியாதது ஒன்று, பயன்பாட்டில் நம்ப முடியாதது வேறொன்று.

‘ரிலையபிள்’ என்ற சொல்லுக்கே ஒரு வழக்கு நடந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அது பரவலாகப் புழங்கத் தொடங்கியபோது இலக்கணப் பண்டிதர்கள் சிலர் எதிர்த்தார்கள். ‘ரிலை’க்குப் பின்னால் ‘ஆன்’ என்று வந்தால்தானே முழுமை, அப்படியானால் ‘ரிலை-ஆன்-ஏபிள்’ என்றல்லவா இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். மக்கள் கேட்கவில்லை. ஆனால் அந்த வாதத்தில் ஒரு நல்ல விஷயம் ஒளிந்திருக்கிறது. சாய்கிறவர் ஒருவர் இருந்தால்தான் இந்தச் சொல்லுக்கே பொருள். ‘அன்ரிலையபிள்’ என்றால், ‘என் பாரத்தை இவர்மேல் வைக்க முடியவில்லை’ என்பதுதான். ‘அன்ட்ரஸ்ட்வொர்த்தி’ என்றால் அப்படியல்ல. அது எதிரே இருப்பவரின் நெஞ்சுக்குள் கைவிட்டு, ‘இங்கே நேர்மை இல்லை’ என்று தீர்ப்புச் சொல்வது.

அன்றாடத் தமிழில் இதற்குத் தெளிவான சொற்கள் இருக்கின்றன. ‘வாக்கு சுத்தம்’ வேறு, ‘கை சுத்தம்’ வேறு. சொன்ன நேரத்துக்கு வராதவருக்கு வாக்கு சுத்தம் இல்லை. கல்லாவில் கை வைத்தவருக்குக் கை சுத்தம் இல்லை. பாட்டிமார்கள் இந்த இரண்டையும் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை.

தராசு சொல்லும் பாடம்

காசிமேட்டில் மீன் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு வித்தியாசம் உடனே புரியும். இரண்டு கடை, இரண்டு தராசு என்று வைத்துக்கொள்வோம்.

முதல் தராசில் ஒரே மீனை மூன்று முறை வைத்தால் மூன்று எடை காட்டும். ஒருமுறை 950 கிராம், அடுத்து 1,020, மறுபடி 980. முள் தேய்ந்திருக்கலாம், பேட்டரி தீர்ந்திருக்கலாம். கடைக்கார அம்மாவுக்கே இதில் நஷ்டம் வரும். இந்தத் தராசுக்குப் பொருத்தமான சொல் ‘அன்ரிலையபிள்’. நிலை இல்லாமல் மாறி மாறிக் காட்டுவதால் ‘இன்கன்சிஸ்டன்ட்’ என்றும் சொல்லலாம்.

இரண்டாவது தராசு எப்போது வைத்தாலும் 100 கிராம் கூடுதலாகக் காட்டும். காலையில் வைத்தாலும் அதே 100, மாலையில் வைத்தாலும் அதே 100. ஒரு முறைகூட மாறாது. தொழிற்சாலைக் கணக்கில் பார்த்தால் இது படு ‘கன்சிஸ்டன்ட்’ தராசு! ஆனால் அதை அப்படித் தெரிந்தே வைத்திருப்பவர் ‘அன்ட்ரஸ்ட்வொர்த்தி’.

தவறு மாறிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் கோளாறு. ஒரே பக்கம் லாபம் போகிறபடி தவறு நடந்துகொண்டே இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

ஏலச்சீட்டுப் போட்டவர்களைக் கேட்டால் இதைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். ஒரு அக்கா சீட்டு எடுத்தவருக்குப் பணம் கொடுக்க எப்போதும் இரண்டு மூன்று நாள் இழுப்பார். திட்டு வாங்குவார். ஆனால் ஒரு ரூபாய் குறையாமல் கொடுத்துவிடுவார். இன்னொருவர் மாதம் பிறந்தால் சொன்ன தேதிக்குச் சொன்ன மணிக்கு வந்து நிற்பார். எல்லோரும் ‘என்ன ஒழுங்கு’ என்று மெச்சுவார்கள். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் வீடு பூட்டியிருக்கும், ஆள் கம்பி நீட்டியிருப்பார். முதல் அக்கா அன்ரிலையபிள், ஆனால் நம்பிக்கைக்கு உரியவர். அடுத்தவர் கடைசி நாள் வரை ரிலையபிள்!

மறுநாள் அந்தப் பெண்மணி டாலி ஷீட்டுகளை எடுத்துப் பார்த்தார். பையன் எண்ணிய கணக்குக்கும் சரக்கு ஒப்படைத்த கணக்குக்கும் எங்காவது வித்தியாசம் உண்டா? ஒரு வருடத்துத் தாள்களில் அவன் பெயரில் ஒரு பிழையும் இல்லை. சரக்கு காணாமல் போன புகாரும் இல்லை.

சூப்பர்வைசரிடம் கேட்டார்.

“அண்ணா, கணக்குல ஏதாவது தப்பு பண்ணானா?”

“கணக்கா? அதெல்லாம் கரீட்டா இருக்கும்மா.”

“சரக்குல கை வெச்சானா?”

“சேச்சே. அந்த மாதிரி புள்ள இல்ல.”

“அப்புறம் என்னண்ணா?”

“வரமாட்டான்மா! எட்டு மணிக்கு டிரெய்லர் நிக்குது, டிரைவர் கத்துறான், பார்ட்டி போன் மேல போன் போடுறான். இவன் பத்து மணிக்கு வரான். கேட்டா டிராபிக்ன்றான். நானும் அந்த ரோட்லதான வரேன்? அன்னிக்கு ரோடு காலியா கெடக்குது. பொய் சொல்றான்மா. பொய் சொல்றவன எப்படி நம்பறது?”

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. டாலி கிளார்க் வரவில்லை என்றால் கன்டெய்னரைத் திறக்க முடியாது. டிரெய்லர் காத்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் யாரோ ஒருவர் காசு கொடுக்க வேண்டும். அதற்குமேல் ஒரு பொய் வேறு.

கடலுக்கு எந்தச் சொல்?

இங்கே இன்னும் இரண்டு சொற்கள் குறுக்கே வருகின்றன. ஒன்று ‘அன்பிரிடிக்டபிள்’, முன்கூட்டிக் கணிக்க முடியாதது. இன்னொன்று ‘எர்ராட்டிக்’. லத்தீனில் ‘அலைந்து திரிவது’ என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. தடம் மாறித் தடம் மாறிப் போவதைச் சொல்வது.

கடலை அன்பிரிடிக்டபிள் என்று சொல்லலாம். சென்னைத் துறைமுகத்தைக் கட்டியவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். 1870-களில் தொடங்கி வருடக்கணக்கில் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள், வேலை முடியப்போகிற நேரத்தில், 1881 நவம்பர் புயலில் சிதைந்துபோயின. மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டியதாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறுப்பேற்ற பிறகு வாயிலை வடகிழக்குப் பக்கம் திருப்பி அமைத்தார்கள்.

ஆனால் கடல் ‘அன்ட்ரஸ்ட்வொர்த்தி’ என்று எந்த மீனவரும் சொல்லமாட்டார். கடலுக்கு வஞ்சகம் கிடையாது. கடலம்மா கோபித்தாள் என்பார்கள், ஏமாற்றினாள் என்று சொல்வது அபூர்வம். கடலிலும் கணிக்கக்கூடியது எவ்வளவோ இருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். வாடைக் காற்று எந்த மாதம், கொண்டல் எந்த மாதம், எந்தக் காற்றுக்கு என்ன மீன் என்று கணக்கு வைத்திருப்பார்கள். துறைமுகச் சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் கரையை அரித்துக்கொண்டே வந்தது. இதில் கணிக்க முடியாதது ஒன்றுமில்லை. காரணம் தெரிந்துவிட்டால் கடலுக்கும் ஓர் ஒழுங்கு இருப்பது தெரியும்.

அந்தப் பெண்மணி பதிவேட்டை மறுபடி திறந்தார். கடந்த இரண்டு மாதங்களில் பையன் 14 நாள் தாமதமாக வந்திருந்தான். சிவப்பு மையில் 14 சுழிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே கிழமையை எழுதினார். செவ்வாய். வெள்ளி. செவ்வாய். வெள்ளி. பதினான்கும் இந்த இரண்டு கிழமைகள்தான். மற்ற நாட்களில் எட்டு மணிக்குப் பத்து நிமிடம் முன்பே கையெழுத்து இருந்தது.

இது எர்ராட்டிக் இல்லை, அன்பிரிடிக்டபிளும் இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அவன் தாமதமாக வருவான் என்று யார் வேண்டுமானாலும் பந்தயம் கட்டலாம்.

பையனைக் கூப்பிட்டுக் கேட்டார். முதலில் “டிராபிக்க்கா” என்றான். அவர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னான்.

“அம்மாக்கு டயாலிசிஸ்க்கா. ரெண்டு மாசமா. செவ்வாய், வெள்ளி காலைல பெட் குடுத்திருக்காங்க. கூட்டிட்டுப் போய் படுக்க வெச்சிட்டு வரேன். மத்தியானம் தம்பி காலேஜ் விட்டு வந்து கூட்டிட்டுப் போயிடுவான்.”

“அத சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா, வாரத்துல ரெண்டு நாள் வராதவன் எதுக்குன்னு வேற ஆள் போட்டுட்டா?”

டிமிக்கியும் பேமானியும்

அகராதி தருகிற ஒற்றைத் தமிழ்ச் சொல்லைப் பார்த்து, தமிழில் நுட்பம் போதாது என்று யாராவது நினைத்தால் அவர்களைத் தண்டையார்பேட்டை டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். அங்கே இந்த வகைக்கு மட்டும் எத்தனை சொற்கள்!

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் நழுவுவது ‘டிமிக்கி’. ஒப்புக்கொண்ட பிறகு கடைசி நேரத்தில் பின்வாங்குவது ‘ஜகா வாங்குவது’. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் சுற்றி வளைப்பது ‘டபாய்ப்பது’. நல்ல எண்ணத்தோடு தொடங்கி வேலையைக் கெடுத்து வைப்பது ‘சொதப்பல்’. இனிக்க இனிக்கப் பேசிக் கவிழ்ப்பது ‘அல்வா’. இவை எல்லாவற்றுக்கும் கடைசிப் படியில் ‘பேமானி’. உருதுவிலிருந்து வந்த வசவு அது. ‘பே’ என்றால் இல்லாத, ‘ஈமான்’ என்றால் நேர்மை, நம்பிக்கை. அன்ட்ரஸ்ட்வொர்த்திக்கு வட சென்னை வைத்திருக்கும் பெயர் அதுதான். டிமிக்கி கொடுத்தவனை யாரும் உடனே பேமானி என்று சொல்லிவிடமாட்டார்கள். சொன்னால் சண்டைதான்.

ஆங்கிலத்தில் டிமிக்கிக்குப் பக்கத்தில் வருவது ‘ஃப்ளேக்கி’. பேக்கரியில் பப்ஸ் வாங்கினால் மேல்தோல் செதில் செதிலாக உதிருமே, அந்த உதிர்தல்தான் வேர்ச்சொல். சினிமாவுக்குப் போகலாம் என்று ஐந்து பேர் திட்டமிட்டால் கடைசி நிமிடத்தில் உதிர்ந்து போகிற ஒருவர் எல்லா நட்பு வட்டத்திலும் உண்டு. எரிச்சல் வரும், ஆனால் அவர் கெட்டவர் இல்லை.

‘ஃபிக்கிள்’ என்பது மனம் மாறிக்கொண்டே இருப்பது. நேற்று நீலப் புடவை, இன்று பச்சை. இந்தச் சொல்லின் பயணம் சுவாரஸ்யமானது. பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல்லுக்கு ‘வஞ்சகமான’ என்று பொருள். காலப்போக்கில் குற்றம் உதிர்ந்து, வெறும் மனமாற்றமாக இளகிவிட்டது.

மனிதர்களின் பேச்சிலோ பயணம் எதிர்த்திசையில் போகிறது. ‘லேட்டா வந்தான்’ என்று தொடங்கும். ‘எப்பவும் லேட்டு’ என்று வளரும். ‘அவன நம்ப முடியாது’ என்று மாறும். அதை ஒருவர் ஆங்கிலத்தில் எழுதும்போது ‘அன்ட்ரஸ்ட்வொர்த்தி’ என்று வந்து நிற்கும். கடிகாரத்தில் தொடங்கிய புகார் நான்கே படியில் குணத்தில் போய் முடிகிறது.

மறைத்தால் என்ன ஆகும்?

அதற்காகப் பையன் மேல் தவறே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தாமதத்தை விட அவனைக் கெடுத்தது ‘டிராபிக்’ என்ற பொய்தான். நம்பிக்கை எந்த இடத்தில் விரிசல் விடும் என்பதை எண்ணூர், திருவொற்றியூர்க்காரர்கள் பெரிய அளவில் பார்த்திருக்கிறார்கள்.

2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ‘பி.டபிள்யூ. மேப்பிள்’, ‘டான் காஞ்சிபுரம்’ என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் மாசு போன்ற சுற்றுச்சூழல் பாதிப்பு இல்லை என்ற வகையில்தான் துறைமுகத்தின் முதல் அறிக்கை வந்தது. அடுத்தடுத்த நாட்களில் எண்ணூரிலிருந்து தெற்கே மெரினாவையும் தாண்டிக் கரையெல்லாம் கருப்புப் பிசின் ஒதுங்கியது. கடலோரக் காவல் படையினரும் தொழிலாளர்களும் மீனவர்களும் மாணவர்களும் பிளாஸ்டிக் வாளிகளால் அதை அள்ளிக் கொட்டிய படங்கள் நாடு முழுக்கப் பரவின.

அவசரத்தில் வரும் முதல் தகவல் தப்பாக இருக்கலாம். அதற்கு ‘அன்ரிலையபிள்’ என்ற சொல் போதும். ஆனால் ஒருமுறை அப்படி ஆனபின், அடுத்து வரும் சரியான தகவலையும் ஜனங்கள் காதில் வாங்கமாட்டார்கள். மீனைச் சாப்பிடலாம், பயமில்லை என்று அதிகாரிகள் சொன்னபோதும் வாங்குகிறவர்கள் தயங்கினார்கள். எண்ணெய் படாத ஆழ்கடலில் பிடித்த மீனும் கூடையிலேயே கிடந்தது. யாரோ சொன்ன முதல் வார்த்தைக்கான விலையைக் கூடை சுமக்கும் பெண்கள் கொடுத்தார்கள்.

தகவல் தப்பாவது ஒரு சறுக்கல். தப்பென்று தெரிந்ததும் எவ்வளவு சீக்கிரம் வாய் திறந்து சொல்கிறோம் என்பதில்தான் ரிலையபிளா, ட்ரஸ்ட்வொர்த்தியா என்ற இரண்டு கேள்விகளும் பிரிகின்றன. ஊருக்கு மட்டுமல்ல, ஒரு யார்டில் வேலை செய்யும் பையனுக்கும் இது பொருந்தும். இதைத்தான் அந்தப் பெண்மணி அவனிடம் சொன்னார்.

“லேட்டா வந்தது தப்பு இல்லப்பா. காரணம் இருக்குது. ஆனா நீ டிராபிக்னு சொன்ன பாரு, அதுக்கப்புறம் நீ எது சொன்னாலும் அவருக்கு டிராபிக்காத்தான் கேக்கும்.”

எழுதியது என்ன?

தலைமை அலுவலகம் வேறு ஊரில் இருக்கிறது. படிவத்தைப் படிப்பவர் இந்தப் பையனைப் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. அவர் கண்ணில் படுவது இரண்டுதான்: முகவரியில் காசிமேடு, கருத்தில் ஒரு சொல். அந்தச் சொல் ‘அன்ட்ரஸ்ட்வொர்த்தி’ என்று இருந்தால் மிச்சக் கதையைச் சினிமாவில் பார்த்த வட சென்னையை வைத்து அவரே நிரப்பிக்கொள்வார். அரிவாளும் கஞ்சாவும் தவிர வேறொன்றையும் அந்தப் படங்களில் பலர் பார்த்ததில்லை. காலை மூன்று மணிக்கு எழுந்து ஏலத்துக்குப் போகிறவர்களும், ராத்திரி ஷிப்ட் முடித்துப் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்களும் அந்தப் படிவத்தில் தெரியமாட்டார்கள்.

‘அன்ரிலையபிள்’ என்று எழுதலாமா? அதுவும் முழுப் பொருத்தம் இல்லை. கணக்கில் அவன் ரிலையபிள். பணத்தில், சரக்கில் ட்ரஸ்ட்வொர்த்தி. நேரத்தில் மட்டும், அதுவும் இரண்டு கிழமைகளில் மட்டும், அவன்மேல் சாய முடியவில்லை. ஒரே ஆளுக்கு மூன்று விடை. ஒரு பெயருரிச்சொல்லில் அதை எப்படி அடக்குவது?

கடைசியில் அவர் குணத்தைச் சொல்லும் சொல் ஒன்றையும் எழுதவில்லை. நடந்ததை எழுதினார். கடந்த 2 மாதங்களில் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் 14 முறை தாமதம். தாயாரின் சிகிச்சை காரணம். முன்கூட்டித் தெரிவிக்கவில்லை, எச்சரிக்கப்பட்டுள்ளார். மற்ற நாட்களில் நேரம் தவறவில்லை. டாலி கணக்கில் பிழை இல்லை.

சூப்பர்வைசரிடம் காட்டினார். அவர் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். ‘முன்கூட்டித் தெரிவிக்கவில்லை’ என்ற இடத்தில், “அத நல்லா அழுத்திப் போடு” என்றார். போட்டிருப்பதாகச் சொன்னதும் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்.

“எந்த ஆஸ்பத்திரிமா?”

அடுத்த வாரத்திலிருந்து செவ்வாயும் வெள்ளியும் பையனுக்கு மதியம் ஷிப்ட் ஆனது. ஒப்பந்தம் வழக்கமான ஒரு வருடத்துக்குப் பதில் ஆறு மாதத்துக்குத்தான் நீட்டிக்கப்பட்டது. பொய்க்கான விலை அது என்று அவனுக்கும் தெரியும். அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் மெஷின் பழுதாகி நேரம் ஆனபோது, பதினொரு மணிக்கே சூப்பர்வைசருக்கு அவனிடமிருந்து போன் வந்தது.

வீட்டிலும் இதே கணக்குதான்

யார்டுக்கும் படிவத்துக்கும் மட்டும் உரிய பாடமல்ல இது. ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை முறை ‘நம்ப முடியாது’ என்ற வார்த்தை விழுகிறது என்று எண்ணிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். டியூஷன் நோட்டை மறந்த பிள்ளையிடம், “உன்ன நம்பவே முடியாது.” வரும்போது தயிர் வாங்கி வர மறந்த கணவரிடம் அதே வாக்கியம். வராமல் போன வேலைக்கார அம்மாவைப் பற்றிப் பக்கத்து வீட்டில் சொல்லும்போதும் அதே வாக்கியம். கடைசியாகச் சொன்னது இன்னும் ஆபத்து. ‘அந்தம்மாவ நம்ப முடியாதாம்’ என்று அது அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் போனால், லீவு போட்ட புகார் நாலாவது மாடிக்குப் போவதற்குள் திருட்டுப் புகாராக மாறியிருக்கும். அந்த அம்மாவுக்கு அந்தத் தெருவில் இனி வேலை கிடைக்காது.

அதனால் அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வரும்போது மூன்று கேள்விகள் கேட்டுப் பார்ப்பது நல்லது. செய்ய முடியவில்லையா, செய்ய மனமில்லையா, அல்லது ஏமாற்ற நினைத்தார்களா? முடியாதவருக்கு உதவியோ மாற்று ஏற்பாடோ போதும். மனமில்லாதவரிடம் கண்டிப்பு வேண்டும். ஏமாற்றியவரிடம் மட்டும்தான் கதவைச் சாத்த வேண்டும். மூவருக்கும் ஒரே சொல்லைச் சொன்னால், மூவரிடமும் ஒரே கதவைத்தான் சாத்த வேண்டி வரும்.

பிள்ளைகளிடம் இன்னும் கவனம் தேவை. “இந்த வாரம் மூணு நாள் நோட்ட மறந்துட்ட” என்றால் நாலாவது நாள் நோட்டை எடுத்து வைத்துக்கொள்ளப் பிள்ளைக்கு வழி இருக்கிறது. “நீ நம்ப முடியாத ஆளு” என்றால், அதில் திருத்திக்கொள்ள என்ன இருக்கிறது?

அந்தப் பெண்மணியின் தெருவில் குழாய் ரிப்பேர் செய்யும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். நாளைக்கு வருகிறேன் என்றால் நாளன்னைக்கு வருவார். போன் எடுக்கமாட்டார். தெருவே அவரைத் திட்டும். ஆனாலும் அவர் வருகிற நாளில் யாரும் வீட்டில் இல்லை என்றால், பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு, “அண்ணன் வந்தா தொறந்து விட்டுடுங்க” என்று சொல்லிவிட்டு எல்லோரும் நிம்மதியாக வேலைக்குப் போய்விடுகிறார்கள்.